அம்மா மிதிக்கிற பிரேக்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அந்த அம்மாவுக்கு இருபது வருஷ அனுபவம். கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறினால் மிதிக்க, அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மிதித்து மிதித்து, பயம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. புத்தகத்தைத் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறாள். என்னவென்று கேட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள்.

"மனநல டாக்டரா? நாலு பேர் என்ன சொல்வாங்க அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"இவ காய்ச்சல்ல கிடந்தப்போ அந்த நாலு பேரா மாத்திரை வாங்கிக் கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, அம்மா மகளோடு கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா முன்னால் மகள் மெல்ல வாயைத் திறந்தாள். "எனக்குச் சில நேரம் மூச்சே..."

தொம்! பிள்ளை கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

"பரீட்சைன்னாலே..."

தொம்!

டாக்டரம்மா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "என்னங்க சத்தம்?"

"அம்மா டிரைவிங் சொல்லித்தர்றாங்க டாக்டர். பிரேக் போடுறாங்க."

"அப்போ நீங்க கொஞ்சம் இறங்கிக்குங்கம்மா. பொண்ணு தனியா ஓட்டட்டும்."

அம்மா வெளியே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே மகளின் குரல் விடாமல் கேட்டது, வார்த்தைதான் புரியவில்லை. கதவில் காதை வைக்க எவ்வளவோ ஆசை, வைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, அழுது சிவந்த கண்ணோடு மகள் வந்தாள். "அடுத்த செவ்வாயும் வரணுமாம். நீ வெளியிலதான்."

"சரிடி," என்றாள் அம்மா. சம்மணத்தைப் பிரித்து, காலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.