மூச்சு மிசினின் அடியில் படிந்த கல்

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணிக் கிணறு. தேத்தண்ணிக்கு அயலெல்லாம் இங்கேதான் வந்து அள்ளும்.

அந்தப் பெருமையில்தான், உறக்கத்தில் மூச்சு அடைபடாமல் காற்றூதும் என் சீபாப் மிசினின் தண்ணீர்ப் பெட்டிக்கும் அதையே ஊற்றிவந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார் டொக்டர். பாவம், எங்கள் கிணற்றைத் தெரியாதவர் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை கழுவ எடுத்தால், பெட்டியின் அடியில் வெள்ளையாய் ஒரு தடித்த படை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை.

சந்திக் கடையில் சொன்னேன். கடைக்காரப் பெண் சிரித்தாள்.

"உது கல்லு அண்ணை. தண்ணி கொதிக்க வைக்கிற எங்கடை கேத்திலிலையும் பிடிக்கிறது. வினாகிரியும் தண்ணியும் பாதிக்குப் பாதி விட்டு ஊற வையுங்கோ."

ஊற்றினேன். படை முழுவதும் குமிழி விட்டு நுரைத்தது. அரை மணித்தியாலத்தில் பெட்டி கண்ணாடிபோல் ஆனது.

அலசக்கூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். காங்கேசன்துறையில் வெட்டிச் சீமெந்தாக்கிய அதே சுண்ணக்கல்! எங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் நிலம், தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வந்து, நான் உறங்க உறங்க என் தலைமாட்டில் மறுபடியும் கல்லாகியிருக்கிறது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"படுத்துக்கொண்டே சீமெந்துப் பக்டரி நடத்தியிருக்கிறியள்."

இனி மிசினுக்கு வடித்த தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும்.

உங்கள் கேத்திலின் அடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்: யார் யார் வீட்டில் காங்கேசன்துறை இருக்கிறது?