மாத்திரைக் கவரில் அரிசி

நான் எட்டாவது வரை படித்தவன். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பணியாளர். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவது, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவது எல்லாம் என் வேலை. சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற பஸ் வாசலிலேயே நிற்கும். அதனால் மலைச் சனங்கள் முதலில் எங்களிடம்தான் வருவார்கள்.

எனக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதைச் செய்துவிடுவேன், செய்துவிட்டேன் என்று வந்து சொல்ல மாட்டேன். செய்தது கண்ணுக்குத் தெரியாதா என்று நினைப்பேன். அந்தக் குணத்தால்தான் சிஸ்டரம்மாவோடு சண்டை வந்தது.

சிஸ்டரம்மா எங்கள் மூத்த நர்ஸ். தெற்குச் சீமைக்காரர். என்னைவிடச் சின்னவர், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு மத்தியானம், கேழ்வரகு அறுக்கப் போன பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டதென்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டரம்மா ஊசி ஏற்றிக்கொண்டே, “அண்ணே, வண்டிக்குச் சொல்லுங்க” என்றார். உள்ளே டவர் கிடைக்காது. வாசல் கேட்டுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். வழிகாட்ட அங்கேயே நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து, அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும் கத்தினார்.

“வண்டியக் கூப்பிட்டியா இல்லியா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?”

“அப்பவே கூப்பிட்டாச்சு. நீ, வான்னு பேசறதுக்கு நான் ஒண்ணும் உங்க வூட்டு வேலைக்காரன் இல்ல. பொம்பளைன்னு பாக்கறேன்!”

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கவே கூடாது. அவர் உள்ளே போய்விட்டார். வண்டி வந்தது. ஐயப்பன் புண்ணியத்தில் அந்தப் பெண் தர்மபுரி போய்ப் பிழைத்துக்கொண்டாள். எங்களுக்குள் பேச்சு அன்றோடு நின்றது.

அதற்கப்புறம் நாலு மாதம் எனக்குத் துண்டுச் சீட்டுதான். மருந்து பீரோவில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். ‘மூணாம் பெட் விரிப்பு.’ ‘சிலிண்டர் காலி.’ அவ்வளவுதான், ‘அண்ணே’ இருக்காது. வேலையை முடித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவேன். மன்னிப்புக் கேட்கணும் என்று தினமும் நினைப்பேன், வாய் வராது. ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார். “ஏய்யா, மாமியா மருமவ கூட இவ்ளோ நாள் தாங்க மாட்டாங்கய்யா” என்பார்.

கார்த்திகை ஒன்றாம் தேதி, வருஷா வருஷம் போடுகிற மாதிரி, ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மாலை போட்டவனை யாராயிருந்தாலும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் யாரிடமும் கோபப்படக் கூடாது. கறுப்பு வேட்டியோடு வேலைக்குப் போனேன். அன்றைக்கு பீரோவில் சீட்டு இல்லை. சிஸ்டரம்மா என் கழுத்து மாலையைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார்.

“சாமி, சிலிண்டர் மாத்தணும்.”

உடனே போய் மாற்றினேன். இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாகப் போய் நின்று சொன்னேன், “மாத்தியாச்சுங்கம்மா.”

அவர் ஊசி மருந்தை எடுத்துவைத்தபடியே, “அன்னிக்கு நான் கேட்டது இந்த ஒரு வார்த்தைதான் சாமி” என்றார்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் இருமுடி கட்டுகிற அன்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மலைக்குக் கிளம்புவோம். அன்றைக்கு முறையாகக் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த விரத நாட்களை இன்னும் மனசு தேடுகிறது. “சாமி, பிரசவ ரூமுக்கு நீங்க வர வேணாம், தீட்டும்பாங்க, நான் பாத்துக்கறேன்” என்பார். “புள்ள பொறக்கற எடத்துல இல்லாம சாமி வேற எங்கம்மா இருக்கும்?” என்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு போவேன். டிரைவர் விட மாட்டார். “சாமி, மாலையக் கழட்டிராதீங்க. கழட்டினா மறுபடியும் சீட்டுதான்.”

“பிளாஸ்திரி ஸ்டாக் இல்ல, போங்க” என்பார் சிஸ்டரம்மா.

இருமுடி கட்டுக்குக் கூப்பிட்டேன். “கண்டிப்பா வர்றேன் சாமி, என் கையால ஒரு பிடி அரிசி போடறேன்” என்றார். அன்று கோயிலில் வீட்டாரும் தெருக்காரர்களும் வரிசையாக வந்து முடியில் அரிசி போட்டார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர்தான் வந்தார். மலையிலிருந்து ஒரு பிரசவ கேஸ் இறங்கிவிட்டதாம், விட்டுவிட்டு வர முடியவில்லையாம். என் கையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகிதக் கவர் ஒன்றைக் கொடுத்தார். அதில் கொள்கிற மட்டும் அரிசி. மேலே, நாலு மாதம் நான் கிழித்துப் போட்ட அதே கையெழுத்து: ‘சாமிக்கு.’

அரிசியை முடியில் போட்டேன். கவரை மடித்து வைத்துக்கொண்டேன். சன்னிதியில் நின்றபோது எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ‘ஐயப்பா, ஊருக்குப் போனதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அரவணைப் பாயசம் ஒரு டப்பாவைத் தனியாக எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வேறொரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர்ப் பக்கம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாறுதல் சிஸ்டரம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. “முந்தாநேத்து வரைக்கும் இருந்தாங்கய்யா. சாமி எப்ப வருவாருன்னு கேட்டாங்க” என்றார் டிரைவர்.

போன் நம்பர் இருக்கிறது. இரண்டு தடவை பேசியும் விட்டேன். பிள்ளைகள் படிப்பு, அந்த ஊர் வெயில் என்று பேச்சு போனது. முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தை, போனில் வரவில்லை. வைக்கும்போது ‘சரிங்கண்ணே’ என்றார். ‘அண்ணே’ திரும்பி வந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த ‘சாமி’க்கு மனசு ஏங்கியது.

இந்த வருஷமும் இருமுடி கட்டினேன். எல்லாரும் போட்டு முடித்த பிறகு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அந்தக் கவரை எடுத்து, அரிசி நிரப்பி, என் கையாலேயே முடியில் போட்டேன். கட்டிக்கொண்டிருந்த குருசாமி நிமிர்ந்து பார்த்தார்.

“இது யாரோடது சாமி?”

“வர்றேன்னாங்க சாமி,” என்றேன். “டூட்டியில இருக்காங்க.”