அத்தான் கலந்த சிவப்பு

என் அக்கா வீட்டுக்காரரைச் சாயப்பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘வெளுப்பு’ என்பார்கள். முந்நூறு பேர் துணிக்கு நிறம் ஏற்றுகிற இடத்தில், நிறத்தை எடுக்கிற ஒரே ஆள் அவர். கழிவுநீர்த் தொட்டிகளுக்கு ஆபரேட்டர். நான் ரொட்டிக்கடைக்காரன், எனக்கும் ரசாயனத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் தலைகீழாகத் தெரியும்.

சாயத்தில் இரண்டு துண்டுகளை ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கிறதாம். கொக்கி இருக்கும்வரைதான் நிறம். முதல் தொட்டியில் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், அங்கே வளர்க்கிற கிருமிகள் கொக்கியை வெட்டிவிடும். நிறம் போச்சு. ஆனால் வெட்டுப்பட்ட துண்டுகள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அவற்றுக்கு நிறம் கிடையாது, விஷம் மட்டும் உண்டு. இரண்டாவது தொட்டியில் விடாமல் காற்று ஊதினால்தான் வேறு கிருமிகள் அவற்றைத் தின்று தீர்க்கும்.

இவ்வளவு தெரிந்த மனுஷர் ஒரு தப்பு செய்தார். தன் அறை ஜன்னலில் மூன்று பாட்டில்கள் வைத்தார். பட்டறையிலிருந்து சிவப்பாக வருகிற தண்ணீர் ஒன்றில். முதல் தொட்டி தாண்டியது ஒன்றில். இரண்டாவது தாண்டியது ஒன்றில். யார் வந்தாலும் வெயிலில் தூக்கிப் பிடித்து, “பாத்தீங்களா?” என்பார். அதிகாரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், ஒருத்தரையும் விட்டதில்லை. எல்லோரும் முதல் பாட்டிலுக்கு முகம் சுளித்து, மற்ற இரண்டுக்கும் கை தட்டினார்கள். அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் சுகத்தில் இவரும் சொல்லவில்லை.

கடைசியில் புது மேனேஜர் கேட்டார்.

“ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணு மாதிரிதான இருக்கு?”

“பாக்கறதுக்கு ஒண்ணுதான் சார்.”

“அப்புறம் எதுக்கு அந்த ஊதுற மிஷின் நாள் பூரா கத்திட்டுக் கெடக்கு?”

அத்தான் விளக்கினார். மேனேஜர் கொட்டாவியை மென்றுகொண்டு கேட்டார். மறுநாளே மிஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அத்தான் சோதனை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். ‘நீரில் நிறம் இல்லை, புகாரும் இல்லை’ என்று பதில் வந்தது. அதே வாரம், தெளிவான தண்ணீர் விடுவதற்காக அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள்.

பட்டறைத் தண்ணீர் போகிற வாய்க்கால், அத்தானின் மகள் குடியிருக்கிற தெருவை ஒட்டித்தான் ஓடுகிறது. சிவப்பாக ஓடிய காலத்தில் அதை நாய்கூட மோந்து பார்க்காது. அத்தான் வேலைக்கு வந்து தண்ணீர் தெளிந்த பிறகு தெருவே அதில் இறங்கிவிட்டது. மிஷின் நின்ற அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது, அவள் வாய்க்கால் படியில் உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இந்தத் தண்ணியிலயா?” அத்தானின் குரல் கீச்சென்று வந்தது.

“உங்க தண்ணிதானப்பா! எங்கப்பா சுத்தம் பண்ணதுன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

“வேணாம்மா. இப்ப அதுல விஷம் இருக்கு.”

“கண்ணாடியாட்டம் இருக்கு, விஷம்கறீங்க. நீங்கதான பாட்டிலத் தூக்கித் தூக்கிக் காமிச்சீங்க?”

அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினார். பெரியவருக்கு வேலையிடத்தில் ஏதோ மனத்தாங்கல் போல என்று பரிதாபப்பட்டு, டீ கொடுத்து அனுப்பினார்கள். எந்தத் தண்ணீரில் போட்ட டீ என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் என் கடைக்கு வந்தார். “மாப்ள, தண்ணியச் செவப்பாக்கணும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கேக்குக்குப் போடற கலர் பொடி இருக்கு, ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க.”

“அதுலயும் பாதி இதே கொக்கிதான்யா. ஆயுசு பூரா வெட்டினவன், நானே கொண்டுபோய்ப் போடவா?”

ஊரை ஏமாற்றப் போகிற நேரத்திலும் மனுஷருக்கு இந்தக் கறார்! கடைசியில் மூன்று மூட்டை பீட்ரூட் வாங்கினோம். இரண்டு நாள் நான் மாவு பிசையவில்லை. துருவித் துருவி வேகவைத்தேன். என் விரல்களைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் பன்னைத் தொடவே யோசித்தார்கள். மூன்றாம் நாள் காலை, மதகு திறக்கும் முன் கடைசித் தொட்டியில் அவ்வளவு சாற்றையும் ஊற்றினார் அத்தான்.

மதியத்துக்குள் வாய்க்கால் சிவந்து, தெருவே பட்டறை வாசலில் நின்றது. முன்வரிசையில், இடுப்பில் குழந்தையோடு, என் அக்கா மகள். புகார் இல்லை என்று எழுதிய அதிகாரி அலறியடித்துக்கொண்டு வந்தார். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. “இருக்கற மிஷின் அத்தனையும் போடுங்கய்யா!” என்று கத்தினார். மறுநாள் தண்ணீர் தானாகவே தெளிந்தது. மிஷின்தான் நிறத்தை எடுத்தது என்று மேனேஜர் மனப்பூர்வமாக நம்பினார். இனி அதை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது என்று அதிகாரி எழுத்தில் வாங்கிக்கொண்டார்.

அத்தானுக்கு மெமோ வந்தது. ‘நிறத்தை நீக்கும் கடமையில் தவறியதால்’ கிடங்குக்கு மாற்றம். தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தின்கிற கிருமிகள் மறுபடி பெருக ஒரு மாதமாவது ஆகும், அதுவரை யாரும் இறங்கக் கூடாதே என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த கவலை. அந்த ஞாயிறு மகள் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தெருவுல தலை காட்ட முடியலப்பா. எங்கப்பா, எங்கப்பான்னு எவ்வளவு பெருமையா சொல்லிட்டிருந்தேன்! இனிமே அந்தத் தண்ணிய ஒருத்தரும் தொடறதா இல்ல.”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் தொடையை அழுத்திக் கிள்ளினார். எனக்குக் கண் கலங்கியது கிள்ளினதால் மட்டும் இல்லை.

“குழந்தையக்கூட அதுல எறக்க மாட்டியே?” என்று கேட்டார்.

“சத்தியமா மாட்டேன். உங்க வேலைய நம்பின காலமெல்லாம் போச்சு.”

“சரிம்மா” என்றார் அத்தான்.