எதிர்க்கடை சோபா

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடிக் கடைக்காரர் கையில் கொடுத்தால் அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். கண்ணாடிக்காரர் திருகாணியை இறுக்குவார், வளைந்த காதுப்பிடியை நிமிர்த்துவார், துணியால் வலம் மூன்று இடம் மூன்று என்று துடைப்பார். எல்லாம் முடிந்த பிறகும் திருப்பித் தர மாட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மனசுல பட்டதச் சொல்லுங்க. இந்த ஒரு தடவை எங்கள மன்னிக்கலாமா, கூடாதா?"

எதிரே இருப்பவருக்குக் கேட்டவர் முகமே மங்கலாகத்தான் தெரியும். எழுந்து போகவும் வழியில்லை. "மன்னிக்கலாம் சார், மன்னிக்கலாம்" என்று கையை நீட்டிவிடுவார். கண்ணாடிக்காரர் அதை அப்படியே நம்பி, வாக்காளர் பட்டியலின் நகலை எடுத்து அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொள்வார்.

சட்டசபைக்கு ஏழு பேரை மட்டும் அனுப்பிய சின்னக் கட்சி அது. இந்தத் தெருவுக்கு அதன் செயலாளர் இவர்தான். உறுப்பினர்களில் பாதியும் இவர்தான் என்று தெருவில் கேலி உண்டு. போன தேர்தலுக்குப் பிறகு பெரிய கட்சியோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த ஆட்சி, தெருக்கோடியில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியை மூடி, பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டது. மூட விட மாட்டோம் என்று சொல்லி ஓட்டு வாங்கிய ஏழு பேரும் மூடுவதற்குக் கை தூக்கினார்கள். அதை எல்லாரும் டி.வி.யில் பார்த்தார்கள். அடுத்த தேர்தலுக்கு இன்னும் பதினாறு நாள். 'கூட்டணியின் கட்டாயத்தால் நேர்ந்த தவறு, மன்னியுங்கள்' என்று தலைமை அச்சடித்து அனுப்பிய நோட்டீஸ் மேசையில் ஒரு முழ உயரத்துக்கு இருக்கிறது.

வாதத்தில் அவர் சோடை போகிறவர் அல்ல. "ரெண்டு பேரு ஒரே ரூம்ல குடியிருக்கோம்னு வைங்க. கட்டிலும் அவனோடது, ஃபேனும் அவனோடது. நான் ஒரு மூலையில படுத்திருக்கேன். ஜன்னலத் தொறன்னா தொறப்பானா? நாங்க உள்ள இல்லன்னா ரெண்டு ஆஸ்பத்திரிய மூடியிருப்பாங்க. ஒண்ணோட நிறுத்தினது யாரு?" மூடாத ஆஸ்பத்திரிக்காக நன்றி சொல்ல இதுவரை ஒருவரும் வரவில்லை. அதில் அவருக்கு மனத்தாங்கல்.

மனத்தாங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறாமையைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நேர் எதிரே கட்டில், பீரோ, சோபா விற்கும் கடை. அதன் முதலாளி பெரிய கட்சியின் பகுதிச் செயலாளர். ஆஸ்பத்திரியை மூடியதே அவர் கட்சிதான். ஆனால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஜனங்கள் போகிறார்கள், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், அவர் அடிக்கும் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள். "எங்க ஆளுங்களா? சுருட்டுறதுல கெட்டிக்காரனுங்க சார்" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புச் சத்தம் தெருவைத் தாண்டிக் கண்ணாடிக்காரரின் கடைக்குள்ளும் கேட்கும். தொண்ணூறு பேர் கை தூக்கியவன் கடையில் கூட்டம். ஏழு பேர் கை தூக்கிய எனக்கு வசவா? இது எந்த ஊர் நியாயம் என்று திருகாணியை ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கிவிடுவார்.

அதையும் பொறுத்திருப்பார். அக்கா விஷயம்தான் அவரைக் கொன்றது.

அக்கா அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ். இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். ஆறு மணிக்குத் தம்பியின் கடை வாசலிலேயே பஸ் அவளை இறக்கிவிடும். முன்பெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே வந்து, கண் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிஷம் காலை நீட்டுவாள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவர் அசைந்தால் சுவரில் இருக்கும் எழுத்து வரிசையும் சேர்ந்து ஆடும். "இந்தக் கால முதல்ல சரி பண்ணுடா. நல்ல கண்ணுக்கும் பவர் எழுதிக் குடுத்துருவ போலிருக்கு" என்பாள். எதிர்க்கடைக்காரரும் ஒரு தடவை, "அனுப்பிவைங்கண்ணே, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்" என்றார். "எங்க நாற்காலி ஆடினா ஆடிட்டுப் போகுது" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மூடியதிலிருந்து அக்கா தம்பி கடைக்கு வருவதில்லை. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குவாள், தெருவைக் கடப்பாள், எதிர்க்கடைக்குள் போய் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். கட்டில் கடைக்காரர் தண்ணீர் கொடுப்பார், ஏதோ சொல்வார். அக்கா சிரிப்பாள். எவ்வளவு அலுப்பிலும் வரும் அந்தச் சிரிப்பு இத்தனை நாள் தனக்கு மட்டும் என்று கண்ணாடிக்காரர் நினைத்திருந்தார்.

ஒருநாள், கண் சோதனைக்கு வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தில் வில்லைகளை மாட்டித் தன் மூக்கில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடையை உற்றுப் பார்த்தார். அக்காவின் கண்ணாடியில் ஒரு காதுப்பிடி உடைந்து, அதன்மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுற்றியிருந்தது. கூடப் பிறந்தவன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், இவள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அலைகிறாள். வந்த கோபத்தில் அந்த இரும்புச் சட்டத்தோடேயே தெருவைக் கடந்தார். எதிர்க்கடைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏன்க்கா, மூடினது இவங்க. அங்க கை தூக்கினதுல நாங்க ஏழு பேரு, இவங்க தொண்ணூறு பேரு. நீ இவரு சோபாவுல வந்து உக்காந்திருக்க."

அக்கா காலை மடக்கவில்லை. "இவங்க மூடுவாங்கன்னு தெரியும்டா. இவங்ககிட்ட நான் என்னிக்கு எதிர்பாத்தேன்?"

"அதாண்ணே எங்க பலமே" என்றார் கட்டில் கடைக்காரர். அன்றைக்கு அந்த ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா குரலை உயர்த்தாமலே சொன்னாள். "பிரசவத்துக்கு வந்த ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் நான் சொன்னேன். என் தம்பி சொல்லியிருக்கான், மூட விட மாட்டாங்க, ரெண்டாவதுக்கும் நீ இங்கதான் வருவன்னு. இப்ப அதுங்க வயித்தத் தள்ளிக்கிட்டு பஸ்ல நிக்குதுங்க. நான் எந்திரிச்சு எடம் குடுத்தாக்கூட உக்கார மாட்டேங்குதுங்க. நீ ஊரெல்லாம் நோட்டீஸ் குடுக்கற. நான் யாருகிட்டடா போய்க் குடுப்பேன்?"

ரூம், கட்டில், ஃபேன், ஜன்னல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. மூக்கில் இருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடியக் குடு" என்றார்.

அக்கா கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே வரும் பஸ்கூடத் தெரியாது. தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது.

கடையில் அவர் பிளாஸ்திரியைப் பிரித்தார். பசையைச் சுரண்டினார். புதுக் காதுப்பிடி பொருத்தினார். வலம் மூன்று, இடம் மூன்று துடைத்தார். அக்கா மேசையைப் பிடித்தபடி நின்றாள். வழக்கமாக அவர் கேள்வி கேட்கும் இடம் இதுதான். வாக்காளர் பட்டியலில் வட்டம் போடாத பெயர்களில் அக்காவின் பெயர்தான் முதலில் இருந்தது.

"நான் அன்னிக்கே கட்சி ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கணும்க்கா. கேக்கல. எங்க கூட்டணி ஒடஞ்சிருமோன்னு நானும் பேசாம இருந்துட்டேன். தப்புதான்" என்றார். கேள்வி எதுவும் கேட்காமல் கண்ணாடியை நீட்டினார்.

அக்கா மாட்டிக்கொண்டு, மேசையில் இருந்த கட்டின் மேலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தாள். முதல் வரியிலிருந்து கடைசியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தாள். அவள் அதை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். குனிந்து, பரிசோதனை நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.