முதலில் போய்ச் சேர்ந்தது பேனர்

நாடுகளை ஒன்றுசேர்க்கும் வேலையில் இருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த நாட்டுக் கொடியை எந்த நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதைத்தான். உதவி, வளர்ச்சி, சகோதரத்துவம் எல்லாம் அதற்குப் பிறகு.

சிட்னியில், மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில், ஒரு கபாப் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் சங்கங்கள் பல சேர்ந்து நடத்தும் சபை அது. ஒரு நாட்டில் இருக்கும் தொழில் தெரிந்த ஆட்களை இன்னொரு நாட்டின் தேவையோடு இணைத்துவிடுவதுதான் நோக்கம். அந்த நோக்கத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் அதன் திட்ட ஒருங்கிணைப்பாளர். பெயர் வசந்தி, ஊர் யாழ்ப்பாணம். கோயில் நிர்வாக சபையோ, பழைய மாணவர் சங்கமோ, ஏதோ ஒரு குழுவில் உட்கார்ந்து கழுத்தறுபட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள்தான் என்னை நம்புவீர்கள்.

நான் சொல்லப்போகும் திட்டம் சின்னது. வங்காளதேசத்தின் தெற்கே, ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு மண்தீவு. அங்கே ரஹிமா என்ற பெண் ஊர்ச்சனத்தைச் சேர்த்து ஒரு பிரசவ அறையைக் கட்டி முடித்திருந்தாள். இந்தோனேசியாவிலிருந்து ஹர்தினி என்ற மருத்துவிச்சி அங்கே போய்ச் சில மாதம் தங்கி, ஊர்ப் பெண்களுக்குத் தொழில் பழக்க வேண்டும். எங்கள் மெல்பேர்ண் கிளை கட்டில், விரிப்பு, கருவிகள் எல்லாம் அனுப்ப வேண்டும். இவ்வளவும் மழைக்கு முன்னால் நடக்க வேண்டும். மழை இறங்கினால் படகு ஓடாது; படகு ஓடாவிட்டால் கர்ப்பிணிகளுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரி இல்லை. இதை விளங்கிக்கொள்ள ஒரு பட்டமும் தேவையில்லை. ஆனால் எங்கள் குழுவில் எல்லாரும் பட்டதாரிகள்.

இன்னொன்று. எங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். கோபம் வந்தால் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் காதில் விழும். விழுந்தபடியே தருகிறேன்.

கொடி வரிசை

திட்டத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய முதல் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் பிரசவ அறை கடைசியில்; பேனர் முதலில். தீவில் அறையைத் திறக்கும்போது வாசலில் கட்டுவதற்கு ஒரு பேனர் வேண்டுமாம். அதில் எல்லா நாட்டுக் கொடிகளும் வரவேண்டும். எந்த வரிசையில்? ஆங்கில அகரவரிசை என்றார் ஒருவர். அரபு அகரவரிசை என்றார் இன்னொருவர். சபையில் சேர்ந்த வரிசைப்படி என்றார், முதலில் சேர்ந்தவர். தங்கள் கொடிக்குப் பக்கத்தில் அந்தக் கொடி வந்தால் வெளியேறுவோம் என்று ஒருவர் உண்மையாகவே கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். நடுவில் தலைவரின் படம் போடுவதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அதைத் தலைவரே முன்மொழிந்திருந்தார்.

தலைவர் எந்த நாட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற நாட்டவர்கள் தங்களிடம் அப்படி ஒருவர் இல்லை என்று மார்தட்டுவார்கள். எல்லாரிடமும் இருக்கிறார், எங்களிடம் தாராளமாகவே இருக்கிறார். மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றபோதுதான் நான் கையை உயர்த்தி, பிரசவ அறை என்னாவது என்று கேட்டேன். தலைவர் என்னைப் பொறுமையோடு பார்த்தார். "பிரசவ அறை ஓடிப்போகாது, வசந்தி. கொடி பிழைச்சுப்போனா ஆயுளுக்கும் பேச்சுக் கேக்க வேணும்."

இரண்டு பக்கத்து விசாரணை

அந்த வாரக் கடைசியில் பிளாக்டவுனில் ஒரு பிறந்தநாள் விழா. கொத்துரொட்டித் தட்டோடு ஓர் அங்கிள் என்னை ஓரங்கட்டினார். "பிள்ளை, உமக்கு உதவி செய்ய எங்கட சனம் இல்லையோ? எல்லாத்தையும் விட்டுட்டு அவையளுக்கு ஏன் செய்யிறீர்?" அவர் எங்கள் சனத்துக்கு என்ன செய்தார் என்று கேட்க வாய் உன்னியது. பக்கத்தில் அன்ரி நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஒரு நன்கொடையாளர் தொலைபேசியில் வந்தார். என் பெயரைக் கேட்டதும் குரல் மாறியது. "வசந்தியா? அப்ப எங்கட கஷ்டம் உங்களுக்கு எப்பிடி விளங்கும்?" பிள்ளைத்தாச்சியின் நோவு எந்த மதத்துக்கு விளங்காமல் போகும் என்று கேட்டுவிட்டேன். வைத்துவிட்டார். என் மேசைக்கு எதிர்மேசை ரியாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கீழக்கரைக்காரன், சாமான்கள் ஏற்றி அனுப்புவது அவன் பொறுப்பு. இரண்டு கதையையும் ஒன்றாக அவனிடம் கொட்டினேன். அவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அடுத்த தடவை ரெண்டு பேர்கிட்டயும் நன்கொடை ரசீது புக்கை நீட்டுங்கக்கா. கேள்வி தானா நின்னுடும்."

இரண்டு பெருநாள்

ஹர்தினியின் பயணத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தைப் பெருநாளுக்கு மறுநாள் வைப்பதாக முடிவாயிற்று. எல்லாரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள் என்ற நம்பிக்கை. சிட்னிக் கிளை பிறையைக் கண்ணால் கண்டபின் கொண்டாடுவது. மெல்பேர்ண் கிளை கணக்கிட்டுக் கொண்டாடுவது. ஆகவே சிட்னிக்காரர்கள் பெருநாள் கொண்டாடிய நாளில் மெல்பேர்ண்காரர்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் சிட்னிக்காரர்கள் வந்தபோது மெல்பேர்ண்காரர்கள் கோபத்தில் காணொளி இணைப்பைத் திறக்கவில்லை.

எனக்குப் பிறையைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணிதம் என்று இரண்டை வைத்துக்கொண்டு வருடப்பிறப்புக்கும் அடிபடுகிற சனத்திலிருந்து வந்தவள் நான். என் கோபம் வேறு. கூட்டத்துக்குக் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்தால் என்ன கெட்டுவிடும்? அதைக் கேட்டதற்கு, உணர்வுகளை மதிக்கத் தெரியாதவள் என்று எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. ஹர்தினியைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று வெட்கத்தோடு கேட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் லீவு எடுத்துப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். "எங்கட ஊரிலயும் ரெண்டு பெருநாள்தான், வசந்தி. ஆனா அதுக்காகப் பிள்ளை பெறுகிறதை ஆரும் தள்ளிவைக்கிறேல்லை."

சிரிக்காத படம்

மெல்பேர்ணில் நிதி சேர்க்கும் விருந்து ஏற்பாடாயிற்று. பெரிய திரையில் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார் தலைவர். ரஹிமாவிடம் கேட்டேன். அவள் அனுப்பிய படத்தில் பிரசவ அறையின் புதுப் படியில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பார்த்த எனக்கும் சிரிப்பு வந்தது.

நானும் ஒரு காலத்தில் அகதி முகாமில் இருந்தவள். கூடாரத்தில் எழுதியிருந்த உதவி நிறுவனத்தின் பெயர் தெரியவேண்டும் என்று ஒருவர் என்னைத் தோளில் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்திப் படம் எடுத்தார். கையில் தந்த அரிசியைவிட அந்தக் கை நகர்த்தியதுதான் இன்றுவரை ஞாபகம். அதனால் இந்தப் படத்தைத் தலைவருக்கு மகிழ்ச்சியோடு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "இவையள் சிரிக்கினம், வசந்தி. சிரிக்கிற ஆக்களுக்கு ஆர் உதவி செய்யிறது?"

விருந்து மண்டபம்

விருந்து மல்கிரேவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் எங்கள் கிளையின் களஞ்சியம். கட்டிலும் ரப்பர் விரிப்பும் கருவிப் பெட்டிகளும் அதற்குள் கிடந்தன. பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கரில் எந்தக் கிளையின் பெயர் மேலே வருவது என்று முடிவாகாததால் ஒன்றும் அசையவில்லை. பேனர் மட்டும் கொடிச் சண்டை தீர்ந்து, அச்சாகி, விமானத்தில் ஏறித் தீவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆட்டிறைச்சிச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது ரஹிமாவின் அழைப்பு வந்தது. வெளியே போய் எடுத்தேன். அந்தப் படத்தில் வாயைப் பொத்திச் சிரித்தவளின் பெயர் ஷெஃபாலி. நோவு முன்கூட்டியே வந்துவிட்டது. பட்டணத்துக்குக் கொண்டுபோகும் வழியில் படகிலேயே இரத்தம் போய் இறந்துவிட்டாள். பிள்ளையும் இல்லை. ரஹிமா என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். ஹர்தினி எப்போது வருவாள் என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே வந்தேன். திரையில், எங்கிருந்தோ எடுத்த அழுகிற பெண் ஒருத்தியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் பேசி முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். குனிந்து அவர் காதில் சொன்னேன். அவருக்கு முகம் உண்மையாகவே வாடிவிட்டது. கரண்டியை வைத்துவிட்டார். பிறகு சொன்னார்: "ஐயோ, பாவம். கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தா என்ர பேச்சில சேர்த்திருப்பனே."

கருதப்படுகிறது

மறுநாள் விமானத்தில் சிட்னிக்குத் திரும்பும்போதே தீர்மானித்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், எல்லாம் தெரியும். ஷெஃபாலியின் பெயரை என் வாயால் குழுக் கூட்டத்தில் சொல்லி, அதற்கு ஆதரவு, எதிர்ப்பு என்று கை தூக்குவதைப் பார்க்க என்னால் முடியாது. ரியாஸிடம் ஹர்தினிக்குப் பயணச்சீட்டு போடச் சொன்னேன். ஒப்புதல் எங்கே என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்காமல் சீட்டைப் போட்டான்.

குழுவுக்கு என்ன எழுதுவது என்றுதான் தடுமாறினேன். மன்னிப்புக் கேட்கும் மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன், அழித்தேன். திட்டும் மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன். அதை அழிக்க மனம் வரவில்லை. ரியாஸ் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "இதெல்லாம் வேணாங்கா. 'மறுப்பு ஏதும் வராததால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படுகிறது'ன்னு பதினேழாவது பக்கத்துல போட்டு, பெரிய ரிப்போர்ட்டா அனுப்பிடுங்க. ஒரு பயலும் படிக்க மாட்டான்."

ஸ்பீக்கர் போன்

ஒருவரும் படிக்கவில்லை. ஹர்தினி கடைசிப் படகுகளில் ஒன்றில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். கையுறையும் கத்தரிக்கோலும் இன்னும் சிலதும் தன் பையிலேயே கொண்டு போயிருந்தாள். பின்னாலேயே மழை இறங்கியது. எங்கள் கட்டிலும் விரிப்பும் மல்கிரேவில் பத்திரமாக இருந்தன.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எடுத்த முதல் விஷயம், பேனர் போய் இவ்வளவு நாளாகியும் அதை விரித்துப் பிடித்தபடி ஒரு படம்கூட வரவில்லையே என்பது. ஒருங்கிணைப்பு சரியில்லை என்று மெல்பேர்ண் கிளை சொன்னது. இரண்டு கிளைகளும் முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. "இப்பவே ரஹிமாவை எடும், எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடும்" என்றார் தலைவர். எனக்கும் இரத்தம் கொதித்தது. எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தேன். மழை இரைச்சலுக்குள் ரஹிமாவின் குரல் கேட்டது. பேனரை ஏன் இன்னும் விரிக்கவில்லை என்று தலைவர் கேட்டார்.

"விரிச்சுத்தான் கிடக்கு, சேர். ரப்பர் விரிப்பு நீங்கள் அனுப்பேல்லை. இது நல்ல தடிப்பு, தண்ணி ஊறாது. கழுவித் துடைச்சுப்போட்டுக் கீழ போட்டிருக்கிறம். இப்ப படம் எடுக்கேலாது. அதுக்கு மேல ஒரு பொம்பிளை பிள்ளை பெத்துக்கொண்டிருக்கிறா."

மழைதான் கேட்டது, பிறகு உள்ளேயிருந்து ஹர்தினி ஏதோ அதட்டுவது கேட்டது, பிறகு ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. நான் இந்தச் சபையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மேசையில் கேட்ட சத்தங்களில் அர்த்தமுள்ளது அது ஒன்றுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரியாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்குக் கிட்டக் குனிந்தார். "அப்ப கொடியள்?" என்றார்.

ரஹிமா யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "பொம்பிளைப் பிள்ளை, சேர். தாய் நல்லாக் கதைக்கிறா. கொடியளைப் பற்றி யோசிக்காதேங்கோ. கொடியளும் உங்கட முகமும் கீழ்ப்பக்கம் இருக்கத்தக்கதாத்தான் போட்டனாங்கள்."

எங்கள் சபை நேரத்துக்கு அனுப்பி ஓர் உயிருக்கு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே பொருள் அந்தப் பேனர்தான், அதுவும் அதைத் திருப்பிப் போட்ட பிறகு.