கேட்டுக்கு அந்தப் பக்கம்

லாரிக்காரன் பெண்டாட்டி கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. வண்டி கிளம்பும்போது "எப்ப வருவீங்க?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் அந்த நடை விளங்காது என்பார்கள். எங்கள் சேந்தமங்கலம் பக்கத்தில் லாரிக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்போம். என் வீட்டுக்காரர் டயரில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் எங்கிருந்தாவது ஒரு போன் வந்தால் உண்டு.

அவர் அதிகமாக ஓட்டியது நேபாள எல்லைக்கு. ஆனால் நேபாளத்தைப் பார்த்ததில்லை. லோடை இந்தப் பக்கத்துக் குடோனிலேயே இறக்கிவிட்டு, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடவேண்டும். "பெரிய கேட்டு ஒண்ணு நிக்குது அம்மிணி. சனம் அதும்பாட்டுக்குப் போகுது, வருது. எனக்குத்தான் நேரமில்ல" என்பார்.

போன வருஷம் சர்க்கரை அவருடைய வலது காலை வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தக் கேட்டைப் பற்றியே பேச்சு. எனக்குக் காது புளித்துப்போனது. "செரி, நானே போய்ப் பாத்துட்டு வாரனுங்க" என்றேன். "நீயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. நாமக்கல்லில் வேலைக்குப் போகும் மகள், சாயந்திரமானால் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரு போர்வை. ரயிலில் போனால் சுளுவாகப் போயிருக்கலாம். அவர் போன ரோட்டில் போகவேண்டும் என்று எனக்கு வீம்பு. சேலத்தில் ஏறி பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் என்று பஸ் மாறி மாறிப் போனேன். இடுப்பு கழன்றுவிட்டது. இந்த ரோட்டில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து ஓட்டிய மனுஷனை நினைத்து முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

அவர் போனிலேயே என்கூட வந்தார். "நாக்பூர் தாண்டுனா எடது கைப்பக்கம் ஒரு தாபா வரும், பருப்பு அமிர்தமா இருக்கும்."

"மேம்பாலம்தானுங்க இருக்குது."

"நல்லாப் பாரு!" என்று சண்டைக்கு வந்தார். தாபாவை நான்தான் இடித்துத் தள்ளியதுபோல.

கோரக்பூரிலிருந்து கடைசி பஸ் எல்லையில் இறக்கிவிட்டது. கேட்டு அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்தேன். "தாண்டிட்டனுங்க!"

அவர் நிமிர்ந்து உட்காருவது கட்டில் சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு, "அந்தப் பக்கம் என்ன இருக்குது?" என்றார்.

"இந்தப் பக்கம் இருக்கறதேதானுங்க. டீக்கடை, தூசி."

"மலை தெரியிலியா?"

"இன்னொரு பஸ் ஏறிப் போனாத்தான் தெரியுமாமுங்க." பேசிக்கொண்டே நான் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டிருந்தேன். அப்போது ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு மேலே உரச வந்தது. "அய்யோ சாமி!" என்று கத்தி ஒதுங்கினேன். அந்த நேரம் பார்த்து நம் நாட்டு சிக்னல் செத்துப்போனது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அவர் கடைசியாகக் கேட்டது ஹாரனும் என் கத்தலும்.

டீக்கடைக்காரம்மாவிடம் கைஜாடை காட்டிப் போன் வாங்கினேன். மணி அடித்தது, அவர் வெட்டிவிட்டார். மறுபடியும் அடித்தேன், மறுபடியும் வெட்டிவிட்டார். வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதீங்கப்பா, பேங்கில் இருப்பதை வழித்துவிடுவான் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தாள். நல்ல பிள்ளை வளர்த்தோம்!

மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடக்கட்டும், தகவலில்லாமல் காத்திருப்பது எப்படியென்று ஒரு நாளாவது அவருக்கும் தெரியட்டும் என்று உட்கார்ந்தேன். இஞ்சினும் உறுமியது. ஆனால் பழைய மழைக்காலம் ஒன்று நினைவுக்கு வந்து தொலைத்தது. ஒடிசா பக்கம் வெள்ளம், அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். பகையாளிக்கும் அந்த இருப்பு வேண்டாம்.

இறங்கிவிட்டேன். கண்டக்டர் நேபாளியில் ஏசினான், நான் தமிழில் ஏசினேன். ஷேர் ஆட்டோ பிடித்துக் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. கூப்பிட்டேன். ஒரு மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"உசுரோட இருக்கறயா?" அவர் குரல் மாதிரியே இல்லை.

"இருக்கறனுங்க. சிக்னல் இல்லாமப் போயிருச்சு, அவ்வளவுதான். சோறுண்டீங்களா?"

"புள்ள போட்டு வெச்சது அப்படியே இருக்குது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் வண்டிக்குப் போனப்பவெல்லாம் நீ இப்படித்தான் உக்காந்திருப்பயா, அம்மிணி?"

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று எத்தனையோ சுடுசொல் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்றேன். பச்சைப் பொய்.

"சோத்த உண்ணுங்க. நான் மறுக்கா அந்தப்பக்கம் போறேன், மலையப் பாக்காமத் திரும்பமாட்டேன். சாயந்திரம் வெளிநாட்டு நம்பர்ல கூப்புடுவேன், வெட்டீராதீங்க."

"செரி" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. "எப்ப வருவே?" என்றார்.

கேட்கக்கூடாதுங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. நானும் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"வர்ற வெள்ளிக்கெழம பொழுது உழுகறதுக்குள்ள வந்தர்றனுங்க" என்றேன்.