இடது காலில் ஒரு தூண்டில் நூல்

போன மாதம் ஒரு நாள் கற்பிட்டியில் இருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எஞ்சின் மூடிக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தேன். எனக்கு எப்போதும் அந்த இடம்தான் — கியர் மாறுவதை வேடிக்கை பார்க்கலாம். அன்று மட்டும் கண் கியரில் நிற்கவில்லை. கீழே போனது. கிளச்சை மிதிக்கும் காலுக்கு.

சாரதி நஸார் நானா ஒவ்வொரு மிதிக்கும் கீழுதட்டைக் கடித்தார். ஒரு ஓட்டத்துக்கு எத்தனை மிதி? எண்ணத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பாலாவிச் சந்தி கூட வந்திருக்கவில்லை.

"முழங்கால்ல தேய ஒண்டும் மிச்சமில்லையாம் தங்கச்சி," என்றார், வீதியில் இருந்து கண்ணை எடுக்காமல். "கிளச் மிதிக்கிறத விடு எண்டு டொக்டர் செல்லுறார். கிளச்ச விட்டா பஸ்ஸ விடோணும்."

அந்த இடத்தில்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. கிளச்சை விட்டால் ஏன் பஸ்ஸை விட வேண்டும்? கிளச்சே இல்லாத பஸ்ஸை வாங்கினால் என்ன?

வாங்கப் போகிறவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். பஸ் முதலாளி ஹாஜியார் புத்தளம் நகரச் சேவைக்குப் புதிய பஸ் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேசையில் இரண்டு விலைப்பட்டியல். ஒன்று மூன்று பெடல், கையால் மாற்றும் கியர். மற்றது இரண்டு பெடல், ஓட்டோமெட்டிக்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் இதே பத்திரிகைப் பத்தியில் கொட்டித் தீர்த்தேனே... எல்லோரும் எஞ்சினுக்கு எத்தனை குதிரை என்றுதான் கேட்கிறார்கள், தரிப்பில் இருந்து கிளம்பும்போது இழுவை எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை என்றேன். சின்ன எஞ்சினாக இருந்தாலும் டர்போவோடு ஓட்டோமெட்டிக் சேர்ந்தால் நகர ஓட்டத்துக்குப் போதும் என்றேன். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் பேசிக்கொள்ளும், சாரதியின் முழங்காலுக்கு ஓய்வு என்றேன்.

ஹாஜியார் வாசித்துவிட்டு அழைத்தார். பழுதானால் யார் பார்ப்பது என்று ஒரு வரி கூட எழுதவில்லையே என்று கேட்டார். உண்மைதான். எங்கள் கராஜ் மெக்கானிக் பாஸ் பழைய கியர்பொக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். இதற்குக் கொழும்பில் இருந்து கொம்பியூட்டரோடு ஆள் வர வேண்டும். அந்த வரியை நான் வசதியாக மறந்திருந்தேன்.

"சனிக்கிழமை கம்பெனிக்காரன் ஒரு ஓட்டோமெட்டிக் பஸ் தாரான், ஓடிப் பார்க்க. நீங்களும் வந்து ஏறுங்க மகள். பின்னேரம் நான் அவனுக்குப் பதில் செல்லோணும்."

பதில் மூன்று பெடல் என்றால் நஸார் நானா வீட்டுக்கு. வேறு சாரதி பார்த்தாகிவிட்டது.

சனிக்கிழமை கற்பிட்டியில் இருந்து டிக்கட் இல்லாத ஓட்டம் என்றதும் பஸ் நிரம்பி வழிந்தது. நஸார் நானாவின் முகத்தில் ஒரு கல்யாணக் களை. முதல் நாளே ஹாஜியாரின் தென்னந்தோட்டத்துக்குள் ஓட்டிப் பழகியிருந்தார். பஸ் பூனை மாதிரிக் கிளம்பியது. கொண்டக்டர் ரிஸ்வான் காலை ஆட்டிக்காட்டி, "நானாவுக்கு இனி ஒத்தக் கால் வேலைதான், சம்பளத்தையும் பாதியாக்குங்க ஹாஜியார்," என்றான். நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டியதும் நேர் வீதி. யுத்தம் முடிந்த பிறகு புதிதாகத் தார் விரித்துக் காபட் போட்ட வீதி — ஓடத் தூண்டும். எஞ்சின் சத்தம் மெல்ல மெல்ல உயர்ந்தது. நஸார் நானாவின் இடது கால் எழுந்தது. கிளச் இருக்க வேண்டிய இடத்தில் முழுப் பலத்தோடு இறங்கியது.

அந்த இடத்தில் இருந்தது பிரேக். இந்த வகைப் பஸ்ஸில் பிரேக் பெடல் அகலம்... இடப்பக்கம் வரை நீண்டிருக்கும்.

பஸ் நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

மிளகாய் மூட்டை ஒன்று என் முதுகில் வந்து விழுந்தது. குழந்தையோடு நின்ற ஓர் இளம் தாயின் நெற்றி கம்பியில் மோதி, பார்த்துக்கொண்டிருக்கவே வீங்கியது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. பயந்து அழுதது, அவ்வளவுதான்.

நின்றவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். அந்தத் தாயும் இறங்கினார். பின்னால் வந்த பஸ்ஸில் ஏறும்போது திரும்பி என்னைத்தான் பார்த்தார் — அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. முழங்காலைப் பற்றி அத்தனை எழுதினேனே, இருபத்தாறு வருடம் மூன்று பெடல் மிதித்துப் பழகிய காலைப் பற்றி ஒரு சொல் எழுதினேனா?

"நான் மிதிக்கல்ல ஹாஜியார்," என்றார் நஸார் நானா. "கால்தான் மிதிச்சிது."

ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு தரம் இப்பிடிப் போட்டா, அந்த இடத்திலேயே பஸ்ஸ ஓரங்கட்டுவம் நஸார். அதோட இந்தக் கதை முடிஞ்சிது."

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தோட்டத்துக்குள் ஓட்டியபோது அந்தக் கால் ஏன் சும்மா இருந்தது? பஸ் மீண்டும் கிளம்பி வேகம் எடுக்க, மறுபடி எஞ்சின் சத்தம் ஏறியது. அவருடைய இடது கால் விரல்கள் துடித்தன. அப்போதுதான் பிடிபட்டது. காது கேட்கிறது, கால் எழுகிறது! தோட்டத்துக்குள் சத்தம் ஏறும் அளவுக்கு வேகமே இல்லை. இங்கே எஞ்சின் அவருடைய காதுக்குப் பக்கத்திலேயே உறுமுகிறது. கியரை மாற்று என்று இத்தனை வருடமும் அவருக்குச் சொன்ன அதே சத்தம்.

இதை என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. எனக்குப் பின் சீட்டில் இருந்த அந்தோனி அண்ணன் — உச்சமுனையில் மீன் பிடிப்பவர், போட் எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டவர் — தன் பையைத் துழாவினார். ஒரு சுருள் தூண்டில் நூல் வெளியே வந்தது.

"கால் எழும்ப முந்தி உனக்குத் தெரியோணும். அவ்வளவுதானே பிள்ளை?"

பஸ்ஸை நிறுத்தி, நஸார் நானாவின் இடது கணுக்காலில் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, சுற்றி, அதன் மேல் நூலைக் கட்டினார். மறு நுனி என் சுட்டுவிரலில். வலது காலுக்குத் தடையில்லை. பிரேக்கும் எக்ஸிலேட்டரும் அதன் பொறுப்பு. "இறுக்கிப் பிடிக்காத. அது இழுத்தா நீயும் இழு. விட்டா விடு."

"எத்தின ராத்தல் பாரை இது?" என்று கேட்டான் ரிஸ்வான். யாரும் சிரிக்கவில்லை. நஸார் நானா மட்டும், "மீனுக்கு முழங்கால் இல்லடா, அது குடுத்து வச்சது," என்றார்.

எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில், தரையில் குந்திக்கொண்டேன். மாம்புரி வரைக்கும் வீதியையே பார்க்கவில்லை. விரலில் ஒரு துடிப்பு — இழுப்பேன். கால் அடங்கும். மறுபடி துடிப்பு... மறுபடி இழுப்பு. மாம்புரிக்குப் பிறகு துடிப்புகள் குறைந்தன. சத்தம் ஏறும், நூல் சும்மா இருக்கும். பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

பாலாவிச் சந்தியில் ஒரு த்ரீவீலர் குறுக்கே பாய்ந்தது. நஸார் நானா வலது காலால் அழகாகப் பிரேக் பிடித்தார். ஒரு குலுக்கல் இல்லை. பிறகு வேகம் எடுத்தார். எஞ்சின் கத்தியது. பதற்றத்தில் இருந்த கால் சட்டென்று மேலே போனது. நான் இழுத்தேன். அது நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நூல் விரலுக்குள் இறங்கியது.

கால் பெடலுக்கு ஒரு சாண் இப்பால், வெறும் தரையில், தொப்பென்று விழுந்தது.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியாது. நஸார் நானா கண்ணாடி வழியாக ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் தீர்ப்பு வந்தது. "நூல் கட்டி ஓடினா அது பட்டம், பஸ் இல்ல. திங்கக்கிழமை நூலில்லாம ஓடுங்க. ஆக்களும் இல்லாம. கம்பெனிக்காரனுக்கு நான் செவ்வாய்க்கிழமை பதில் செல்லுறன்."

செவ்வாய் வரை மூன்று நாள் கிடைத்தது! நஸார் நானா இடது காலைத் தூக்கி, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

புதிய வாகனம் வாங்கும்போது எஞ்சின், கியர், டயர் எல்லாம் பட்டியலில் இருக்கும். ஓட்டப் போகிறவரின் பழைய காதும் பழைய காலும் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா? நானும்தானே எழுதாமல் விட்டேன்...

திங்கட்கிழமைக்குத் தயார். பயணிகளுக்குப் பதிலாகச் சீட்டுகளில் உப்பு மூட்டைகள். எஞ்சின் மூடியின் மேல், சத்தத்தை அமுக்க, ரப்பர் விரிப்பும் இரண்டு தும்பு மெத்தைகளும். அது பலித்தால் ஹாஜியாரிடம் அடுத்த கேள்வியையும் கேட்கப் போகிறேன்: எஞ்சின் பின்னால் இருக்கும் பஸ்ஸுக்கு என்ன விலை?

நூலை அந்தோனி அண்ணன் திரும்ப வாங்கவில்லை. என் கைப்பையில்தான் இருக்கிறது — திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டுமே.